பறிக்கப்பட்ட ஜூரி ஆசனம்

(திரைப்பட ரசிகர் கழகம் ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், நான்கு பேர் கூடிய சபையில் பேசத் தகாதது என்று நம்மில் பலர் ஒதுக்கி வைத்திருக்கும் பொருள். கர்ப்பம் தரித்த ஒரு பெண், அதைத் தாங்குவதா விடுவதா என்பதைத் தானே தீர்மானிக்கும் அதிகாரம் உடையவளா என்னும் கேள்வியை வைத்தியர்கள் ஒரு விதமாகவும், மதபோதகர்கள் ஒரு விதமாகவும், சட்ட நிபுணர்கள் மற்றொரு விதமாகவும் விவாதித்து வந்திருக்கிறார்கள். அந்தக் கேள்வி பிரெஞ்சு தேசத்து நியாயஸ்தலங்களில் எப்படி எழுந்தது, அங்கிருந்து வெண்திரைக்கு எப்படி வந்தது, வந்ததனால் பார்க்கும் நமக்கு என்ன கடமை ஏற்படுகிறது என்ற மூன்றையும் இரண்டு திரைப்படங்களை முன்வைத்துச் சொல்ல விரும்புகிறேன். அவை க்ளோத் ஷப்ரோல் 1988-இல் எடுத்த ‘பெண்கள் விவகாரம்’ என்ற படமும், ஃபிரான்ஸ்வா லூஸியானி 2006-இல் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘பொபினி வழக்கு’ என்ற படமும் ஆகும்.

படங்களுக்குள் நுழையுமுன் சட்டத்தின் சரித்திரத்தைச் சற்றே சொல்ல வேண்டும். அதில் இன்றைய என் பேச்சுக்கே ஆதாரமான ஒரு செய்தி இருக்கிறது. முதல் உலக யுத்தத்தில் 13 லட்சத்துக்கு மேற்பட்ட போர்வீரர்களைப் பலிகொடுத்த பிரான்சு, காலியான தொட்டில்களைக் கண்டு கலங்கி, 1920-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு சட்டம் இயற்றியது. கருக்கலைப்புக்குத் தூண்டுவதும், கருத்தடை முறைகளைப் பிரசாரம் செய்வதும் அதன்படி குற்றமாயின. கருக்கலைப்பு என்னவோ அதற்கு வெகுகாலம் முன்பே குற்றந்தான். அந்த வழக்குகள் ஜூரிகள் அமர்ந்த பெரிய கோர்ட்டுகளில் நடந்து வந்தன. அங்கேதான் அரசாங்கத்துக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. குடியானவர்களும் கடைக்காரர்களும் குமாஸ்தாக்களுமாக அமர்ந்திருந்த அந்த ஜூரிகள், அத்தனை பேரும் ஆண்களாகவே இருந்தும், கூண்டில் நிற்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்து, அவள் கதையைக் கேட்டு, பெரும்பாலான வழக்குகளில் ‘குற்றவாளி அல்ல’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தண்டிக்க மறுத்த ஜூரிகளைத் திருத்த முடியாது என்று கண்ட சட்டசபை, 1923-இல் வேறொரு வழி செய்தது. கருக்கலைப்பு வழக்குகளை ஜூரிகளிடமிருந்தே எடுத்து, உத்தியோக நீதிபதிகள் மட்டும் அமரும் கோர்ட்டுக்கு மாற்றிவிட்டது.

இந்த ஒரு செய்தியை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சட்டம் கடுமையாயிருந்தது, சாதாரண ஜனங்கள் இரக்கமாயிருந்தார்கள், ஆகவே சட்டம் சாதாரண ஜனங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டது. அன்று பறிக்கப்பட்ட அந்த ஜூரி ஆசனத்தைத் திரைப்படம் நமக்குத் திருப்பித் தருகிறது என்பதுதான் நான் இன்று சொல்ல வந்த ஒரே கருத்து. மற்றவையெல்லாம் அதற்கு விளக்கமே.

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரான்சு ஜெர்மனியிடம் தோற்றது. விஷி நகரிலிருந்து ஆண்ட மார்ஷல் பெத்தேனின் அரசாங்கம், தோல்விக்குக் காரணம் ஜனங்களின் ஒழுக்கக் குறைவே என்று உபதேசித்து, உழைப்பு, குடும்பம், தாய்நாடு என்ற மூன்று சொற்களைத் தன் மந்திரமாகக் கொண்டது. 1942 பிப்ரவரியில் அது இயற்றிய சட்டத்தின்படி, தொழிலாகக் கருக்கலைப்புச் செய்வோர் ராஜாங்கத்துக்கே துரோகம் செய்தவர்களாகக் கருதப்பட்டு, அரசாங்கமே நியமித்த ராஜாங்க நியாயசபையின் முன் நிறுத்தப்பட்டு, மரண தண்டனையும் பெறலாம் என்று ஏற்பட்டது. ஷெர்பூர் துறைமுகத்தில் துணி வெளுத்துப் பிழைத்த மாரி லூயீஸ் ழிரோ என்ற பெண்மணி, 27 கருக்கலைப்புகள் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, அந்தச் சபையால் தண்டிக்கப்பட்டு, பெத்தேன் கருணை காட்ட மறுத்துவிடவே, 1943-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி விடியற்காலையில் பாரிஸ் நகரத்துச் சிறையில் கில்லட்டின் யந்திரத்தால் சிரச்சேதம் செய்யப்பட்டார். இவருடைய கதையைத்தான் ஷப்ரோல், மாரி லத்தூர் என்று பெயர் மாற்றிப் படமாக்கினார்.

அந்தப் படத்தின் ஆரம்பத்தில் வரும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். நார்மண்டிக் கடற்கரையை ஒட்டிய ஒரு சிற்றூர். யுத்த காலத்து வறுமை. கணவன் ஜெர்மானியரிடம் கைதி. இரண்டு குழந்தைகளுக்கு உருளைக்கிழங்குக்கும் வழி தேடும் மாரி, பக்கத்து வீட்டுக்குப் போகிறாள். அங்கே அவளுடைய தோழி, கடுகுத் தூள் கரைத்த வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் காரமும் சூடும் தன் வயிற்றில் இருப்பதைக் கலைத்துவிடும் என்று நம்பிக் காத்திருக்கிறாள். மாரி வைத்தியம் படித்தவள் அல்ல. இரக்கமும் துணிச்சலும் தவிர அவளிடம் வேறு மூலதனமும் இல்லை. சோப்புத் தண்ணீரும் ஒரு ரப்பர்க் குழாயும் கொண்டு அவள் அந்தத் தோழிக்கு உதவுகிறாள். காரியம் முடிந்தபின் தோழி நன்றியாகக் கொடுப்பது ஒரு கிராமபோன் பெட்டி. காமிரா எதையும் விகாரமாகக் காட்டவில்லை. சங்கீதம் உருக்கத்தைத் தட்டி எழுப்பவில்லை. ஒரு சமையலறை, ஒரு பாத்திரம், இரண்டு பெண்கள், தாழ்ந்த குரலில் நாலைந்து வார்த்தைகள். பின்னால் ராஜத்துரோகம் என்று பெயர் பெறப்போகும் செயல், ஊறுகாய்க்கு உப்புக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போவதுபோல அத்தனை சாதாரணமாக, அக்கம் பக்கத்து உபகாரமாகத் தொடங்குகிறது.

ஷப்ரோல் தம் கதாநாயகியைத் தியாகி ஆக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உபகாரமாகத் தொடங்கியது வருமானமாக மாறுகிறது. மாரி நல்ல வீட்டுக்குக் குடிபோகிறாள். விலைமாதர்க்கு அறை வாடகைக்கு விடுகிறாள். முகாமிலிருந்து திரும்பி வந்த கணவனை அலட்சியம் செய்கிறாள். ஜெர்மானியரோடு ஒத்துழைக்கும் ஓர் இளைஞனோடு உறவு கொள்கிறாள். வருஷந்தோறும் பிள்ளை பெற்றுச் சலித்துப்போன ஒரு தாய், மாரியிடம் வந்துபோன பிறகு இறந்துவிடுகிறாள். இறந்தவளின் நாத்தனார் தாயற்ற குழந்தைகளை அழைத்துக்கொண்டு வந்து மாரியின் எதிரே நிற்கும் காட்சியில், நம் அனுதாபம் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் தத்தளிக்கிறது. படிப்பில்லாத கைகள், சோப்புத் தண்ணீர், மறைவிடம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் எத்தகைய அபாயம் விளையும் என்பதைப் படம் மறைக்கவே இல்லை. ஜூரி ஆசனத்தில் அமர்ந்தவனுக்கு முழு உண்மையும் தெரிய வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவள் உத்தமியாக இருந்தால் மட்டுமே அவளுக்கு நியாயம் கிடைக்கும் என்று ஏற்பட்டுவிட்டால், அந்த நியாயத்துக்கு நன்னடத்தைச் சன்மானம் என்றுதான் பெயரிட வேண்டியிருக்கும்.

அவமானத்தால் வெந்த கணவன், பத்திரிகையிலிருந்து எழுத்துகளைக் கத்தரித்து ஒட்டி, பெயரில்லாத கடிதம் ஒன்றைப் போலீசாருக்கு அனுப்புகிறான். மாரி பாரிசுக்குக் கொண்டுபோகப்படுகிறாள். கோர்ட்டுக் காட்சி படத்தின் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. அதுவும் சுருக்கமாக முடிந்துபோகிறது. வாதப் பிரதிவாதங்கள் அனல் பறக்கும், கடைசி நிமிஷத்தில் ஒரு சாட்சி ஓடிவருவான், உண்மை வெளிப்படும் என்று எதிர்பார்த்து அமர்ந்திருக்கும் நமக்கு, ஷப்ரோல் அந்தத் திருப்தியைத் தர மறுக்கிறார். தீர்ப்பு முன்பே எழுதப்பட்டுவிட்ட சபையில் வாதத்துக்கு இடமேது? உடுப்பணிந்த ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். எதைப் பற்றிப் பேசுகிறார்களோ அந்தப் பெண்ணுக்குத் தனக்கு இத்தகைய முடிவு வரக்கூடும் என்பதே கடைசிவரை விளங்கவில்லை. அண்டை அயலார் யூதர் என்ற காரணத்துக்காகப் பிடித்துச் செல்லப்படுவதைத் தடுக்காத ராஜாங்கம், அப்படிப் போகிறவர்களில் மாரியின் சிநேகிதி ஒருத்தியும் இருக்க, பிறவாத சிசுக்களின் பேரால் ஒரு சாதாரணப் பெண்ணின் தலையைக் கேட்கிறது. இதைப் படம் உரத்துச் சொல்லவில்லை. ஆனால் பார்த்தவர் மறக்க முடியாது.

இஸபெல் ஹூப்பேரின் நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வெனிஸ் திரைப்பட விழாவில் அவருக்கு அந்த ஆண்டின் சிறந்த நடிகைக்கான பரிசு கிடைத்தது. அவர் எந்த இடத்திலும் நம் கண்ணீரை யாசிக்கவில்லை. தான் பாடகியாக வேண்டும் என்ற ஒரு சிறுபிள்ளைத்தனமான கனவை மடியில் கட்டிக்கொண்டு திரிகிற அந்த முகத்தில், கடைசிச் சில நிமிஷங்களில் மட்டும் பயம் மெல்ல ஏறுகிறது. இந்தக் கதையையெல்லாம் பல ஆண்டு கழித்து நினைத்துச் சொல்பவன் அவளுடைய மகன். தண்டிக்கப்படுகிறவர்களின் குழந்தைகள்மேல் இரக்கம் வையுங்கள் என்ற வேண்டுகோளோடு படம் முடிகிறது.

சபையோர்களே, இந்த முதற்படத்தில் பெண்ணுக்காகப் பேசும் குரல் நியாயஸ்தலத்தில் எடுபடவில்லை. அந்தச் சிரச்சேதத்துக்கு இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து நடந்த இரண்டாவது வழக்கில் நிலைமை மாறியது. மாற்றியவர் ஒரு பெண் வழக்கறிஞர்.

1971-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், பாரிஸ் புறநகரில், மாரி க்ளேர் என்ற பதினாறு வயது மாணவி, அவளோடு படித்த ஒருவனால் பலாத்காரம் செய்யப்பட்டுக் கர்ப்பமானாள். தாய் மிஷேல், பாரிஸ் மெட்ரோ ரயில் நிர்வாகத்தில் சிறிய உத்தியோகம் பார்த்து, மூன்று பெண்களைத் தனியே வளர்த்துவந்தவள். மாதச் சம்பளம் சுமார் 1,500 பிராங்கு. வைத்தியர் ஒருவர் காதோடு காதாக உதவி செய்ய ஒப்புக்கொண்டார். அதற்கு அவர் கேட்ட தொகை 4,500 பிராங்கு, அதாவது அந்தத் தாயின் மூன்று மாதச் சம்பளம் முழுவதும். அவ்வளவுக்கு வழியில்லாத தாய், உடன் வேலை செய்யும் பெண்கள் மூலம், 1,200 பிராங்குக்கு ஒப்புக்கொண்ட ஒருத்தியிடம் மகளை ஒப்படைத்தாள். இரத்தப் போக்கு ஏற்பட்டு, சிறுமியை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது, உயிர் பிழைத்தாள். பிறகு நடந்ததுதான் கொடுமையிலும் கொடுமை. பலாத்காரம் செய்தவன் வேறொரு திருட்டு விஷயமாகப் போலீசில் அகப்பட்டபோது, தனக்குச் சலுகை கிடைக்கும் என்று எண்ணி, அந்தப் பெண் கருவைக் கலைத்தாள் என்று அவளையே காட்டிக்கொடுத்தான். மகள், தாய், உதவிய மூவர் ஆகிய ஐந்து பெண்கள்மேல் வழக்குப் பதிவாயிற்று.

மெட்ரோ ஊழியர்களின் நூலகத்தில் மிஷேல் ஒரு புத்தகத்தைப் படித்திருந்தாள். அல்ஜீரிய யுத்தத்தில் சித்திரவதைக்கு ஆளான ஜமீலா பூபாஷா என்ற பெண்ணைப் பற்றிய புத்தகம் அது. அவளுக்காக வாதாடிய ழிஸேல் அலிமி எழுதியது. அதை எழுதியவருக்கே மிஷேல் கடிதம் எழுதினாள். அந்தக் கடிதம் சரியான கைக்குப் போய்ச் சேர்ந்தது. அலிமி டூனிசியாவில் பிறந்தவர். 1971 ஏப்ரலில், தாங்களும் கருக்கலைப்புச் செய்துகொண்டவர்களே என்று பகிரங்கமாகக் கையெழுத்திட்ட 343 பெண்களில் ஒருவர். சீமோன் தெ பொவ்வாரோடு சேர்ந்து ‘தெரிந்தெடுத்தல்’ என்று பொருள்படும் பெயருடைய சங்கத்தை நிறுவியவர். அந்த 343 பேரில் நடிகைகளும் எழுத்தாளர்களும் இருந்தார்கள்; அவர்களில் ஒருவர்மேலும் வழக்குத் தொடுக்கப்படவில்லை. வசதியுள்ளவர்கள் அந்நிய தேசத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போய் வந்தார்கள். மெட்ரோ உத்தியோகம் பார்க்கும் தாய் மட்டும் கூண்டில் நின்றாள்.

அலிமிக்கு இரண்டு வழிகள் இருந்தன. சிறு பெண், ஏழைத் தாய், மன்னித்துவிடுங்கள் என்று நீதிபதிகளின் காலடியில் இரக்கத்தை யாசிப்பது ஒன்று. சட்டத்தையே கூண்டில் ஏற்றி, அது நியாயமான சட்டமா என்று தேசத்தைக் கேட்பது மற்றொன்று. தாயையும் மகளையும் கலந்து, அவர்கள் சம்மதம் பெற்றபின், அவர் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். 1923-இல் ஜூரிகள் வெளியேற்றப்பட்ட கோர்ட்டில், கதவுக்கு வெளியே நின்ற தேசத்தையே அவர் ஜூரியாக அமர்த்தினார் என்று சொல்லலாம். மாரி க்ளேரின் விசாரணை, அவள் வயதை முன்னிட்டு, 1972 அக்டோபர் 11-ஆம் தேதி மூடிய கதவுகளுக்குள் நடந்தது. வெளியே திரண்ட பெண்களின் கோஷம் உள்ளே கேட்டது. அவள் தாங்க முடியாத நிர்ப்பந்தங்களுக்கு ஆளானவள் என்று சொல்லி விடுதலை செய்தார்கள். தாயும் மற்ற மூவரும் நவம்பர் 8-ஆம் தேதி பொபினி நகரத்துக் கோர்ட்டில் நின்றார்கள்.

அன்று சாட்சி சொல்ல வந்தவர்களில் நோபல் பரிசு பெற்ற உயிரியல் அறிஞர் ழாக் மொனோ இருந்தார். சீமோன் தெ பொவ்வார் இருந்தார். நடிகை தெல்ஃபீன் ஸேரீக் இருந்தார். அவர்கள் எல்லோரையும்விட அந்தக் கோர்ட்டை அசைத்தவர், வைத்தியப் பேராசிரியர் போல் மிலியே என்பது என் எண்ணம். அவர் பக்தியுள்ள கத்தோலிக்கர். கருக்கலைப்பைக் கொள்கையளவில் ஏற்காதவர். ஆயினும், இந்தச் சிறுமி என்னிடம் வந்திருந்தால் நானே உதவியிருப்பேன் என்ற கருத்துப்பட அவர் சத்தியம் செய்து சாட்சி சொன்னார்; அதற்காக வைத்தியர் சங்கத்தின் கண்டனத்தையும் ஏற்றார். கருவில் இருப்பதும் உயிரே, அதைக் காப்பது தர்மம் என்று மனப்பூர்வமாக நம்புகிறவர்கள் இந்தச் சபையிலும் இருக்கலாம். அவர்களுடைய நம்பிக்கையை நான் மதிக்கிறேன். மிலியேயின் நம்பிக்கையும் அதுவேதான். தம் நம்பிக்கையைத் தம்முடைய வாழ்க்கைக்கு விதியாக வைத்துக்கொண்டு, துயரத்தில் தம்மெதிரே நிற்பவளுக்கு விலங்காக மாட்டாமல் விட்ட அந்த மனிதரிடம், பக்தியும் கருணையும் ஒன்றையொன்று கெடுக்காமல் இருந்தன.

விசாரணையின்போது நடந்த ஒரு சிறு சம்பவத்தை அலிமி பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். பெண்களின் உடலைப் பரிசோதிக்க வைத்தியர்கள் பயன்படுத்தும் கருவியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவளைப் பார்த்து, அதை வாயில் வைத்தாயா என்று கேட்டாராம். அந்த நீதிபதி கெட்டவர் அல்லர். தமக்குச் சிறிதும் தெரியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்படி சட்டம் அவரை உட்கார்த்தி வைத்திருந்தது. அலிமி தம் வாதத்தில், நீதி வழங்க அமர்ந்திருக்கும் நான்கு ஆண்களையும், எதிரே தங்கள் உடலைப் பற்றி விளக்கம் சொல்ல நிற்கும் நான்கு பெண்களையும் ஒரு சேரப் பார்க்கும்படி சபையைக் கேட்டுக்கொண்டபோது, சொன்னது இந்த நிலைமையைத்தான்.

நவம்பர் 22-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தாயோடு உடன் வேலை செய்த இருவரும் விடுதலை. கருக்கலைப்புச் செய்தவளுக்கு நிறுத்திவைக்கப்பட்ட ஓராண்டுச் சிறை. தாய்க்கு 500 பிராங்கு அபராதம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. கருக்கலைப்பு வழக்குகளின் விசாரணையை அச்சிடக் கூடாது என்று சட்டம் தடுத்திருந்தபோதிலும், அலிமியின் சங்கம் கோர்ட்டில் பேசப்பட்ட ஒவ்வொரு வார்த்தையையும் புத்தகமாக 1973-இல் வெளியிட்டது. ஜனங்கள் வாங்கிப் படித்தார்கள். மூடிய கதவு அத்துடன் திறந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

லூஸியானியின் படம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது. தாயாக சாந்த்ரீன் பொன்னேரும் வழக்கறிஞராக அனூக் கிரென்பேரும் நடித்திருக்கிறார்கள். கலை நுட்பத்தில் அதை ஷப்ரோலின் படத்துக்குச் சமமாக வைக்க என் மனம் ஒப்பவில்லை. முதற்படம் நம்மைச் சங்கடத்தில் விட்டுச் செல்கிறது. இரண்டாவது நம்மைத் தைரியப்படுத்தி அனுப்புகிறது. எனினும் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு ஒரு பேருண்மை புலப்படும். 1943-இல் கூண்டில் நின்றவள் பேசவில்லை, அவளைப் பற்றி மற்றவர்கள் பேசினார்கள், அவள் தலை போயிற்று. 1972-இல் கூண்டில் நின்றவர்கள் பேசினார்கள், தேசம் கேட்டது, சட்டம் போயிற்று.

ஆம், சட்டம் போயிற்று. 1974 நவம்பர் 26-ஆம் தேதி, சுகாதார மந்திரி சீமோன் வேய் அம்மையார், ஏறக்குறைய முழுவதும் ஆண்களே நிறைந்த பிரெஞ்சு சட்டசபையில் எழுந்து, கருக்கலைப்பை அனுமதிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். இளம் வயதில் நாஜிகளின் அவுஷ்விட்ஸ் முகாமில் அடைபட்டு மீண்ட அந்தப் பெண்மணியின்மேல் சொல்லக் கூசும் வசைகள் பொழியப்பட்டன. அவர் நிலைகுலையவில்லை. 284 வாக்குகளுக்கு 189 என்ற கணக்கில் மசோதா நிறைவேறி, 1975 ஜனவரி 17-ஆம் தேதி சட்டமாயிற்று. பின்னர், 2024 மார்ச் 4-ஆம் தேதி, வெர்சாய் அரண்மனையில் கூடிய இரு சபைகளும் 780 வாக்குகளுக்கு 72 என்ற கணக்கில், இந்தச் சுதந்திரத்தை பிரெஞ்சு அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்தன. அலிமி 2020-இல் காலமாகிவிட்டார். மாரி க்ளேரும் 2022 ஜனவரியில் மறைந்தார். அந்த வாக்கெடுப்பை இருவருமே பார்க்கவில்லை.

என் பேச்சை முடிக்குமுன் உங்களிடம் ஒரு வேண்டுகோள். கோர்ட்டுக் காட்சி வரும் படங்களை நாம் பெரும்பாலும் யார் ஜயிப்பார் என்ற ஆவலோடு பார்த்துப் பழகிவிட்டோம். வாதத் திறமையை ரசிக்கிறோம், வசனத்துக்குக் கைதட்டுகிறோம், விளக்கு எரிந்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தப் பழக்கத்தைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட படம் ஒன்றைப் பார்க்க நேரும்போது, கூண்டில் நிற்பவளிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டார்களா, அவள் பதிலை முழுவதும் சொல்லி முடிக்க விட்டார்களா என்று கவனித்துப் பாருங்கள். சமையலறையில் பாத்திரத்தோடு நின்ற மாரியையும், சம்பளக் கவரைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கக்கூடிய மிஷேலையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன், படிப்பும் பதவியும் இல்லாத குடியானவர்களும் கடைக்காரர்களும் அந்த ஆசனத்தில் அமர்ந்து, முகத்தைப் பார்த்தார்கள், கேட்டார்கள், இரங்கினார்கள். அந்தக் குற்றத்துக்காகவே அவர்களிடமிருந்து அது பறிக்கப்பட்டது. இன்று அது உங்கள் முன் காலியாக இருக்கிறது. அதில் அமருங்கள், தீர்ப்புச் சொல்ல அவசரப்படாமல், முதலில் கேளுங்கள்.